கேம் டெஸ்டராக வேண்டுமென்றால் எழுதப் பழகுங்கள்

கணினி அறிவியலில் இளங்கலை இறுதியாண்டு படிக்கும் ஒருவர், தாம் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் வீடியோ கேம் விளையாடுவதாகவும், அந்த ஆர்வத்தை வைத்துக் கேம் டெஸ்டர், அதாவது கேம் வெளிவருமுன் அதிலுள்ள பிழைகளைத் தேடிக் கண்டுபிடிப்பவர், ஆக முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். அதற்குத் தனிப் படிப்பு உண்டா, கோடிங் தெரிந்தே ஆக வேண்டுமா, இந்தியாவில் வேலை எங்கே கிடைக்கும், நிலையான வருமானம் இருக்குமா என்பவை அவருடைய துணைக்கேள்விகள். பதினோரு ஆண்டுகளாக இந்தத் துறையில் இருப்பவன், புதியவர்களை நேர்காணல் செய்து வேலைக்கு எடுப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முடியும் என்பதே முதல் விடை. ஆனால், எத்தனை மணி நேரம் விளையாடுகிறீர்கள் என்பதை நேர்காணலில் நான் கேட்பதில்லை. நன்றாக விளையாடுபவரைவிட, பார்த்ததைப் பிறர் ஐயமறப் புரிந்துகொள்ளும்படி எழுதத் தெரிந்தவரையே இந்த வேலைக்குத் தேடுகிறோம். அதற்கான காரணம் அன்றாட வேலையை விளக்கினால் தெளிவாகும்.

நாம் சோதிப்பது முடிந்துபோன கேமை அல்ல. பாதி கட்டிய வீட்டைப் போல, சில அறைகளுக்குக் கதவு இல்லாமலும் சில இடங்களில் தரையே இல்லாமலும் இருக்கும் ஒரு பில்டு, அதாவது கேமின் அப்போதைய பதிப்பு, கையில் வரும். கேம் திறக்கிறதா, முதல் நிலைக்குள் நுழைய முடிகிறதா, சேமித்துவிட்டு வெளியேறித் திரும்ப வர முடிகிறதா என்று முதல் அரைமணி நேரத்தில் பார்ப்பதை ஸ்மோக் டெஸ்ட் என்போம். அதில் தேறிய பில்டில்தான் அன்றைய பங்கு தொடங்கும். அந்தப் பங்கு பெரும்பாலும் மிகச் சிறியது. நான் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு கேமின் ஒரே ஒரு கிடங்குக் கட்டடத்தில் ஐந்து வேலை நாட்களைக் கழித்தேன். அதன் ஒவ்வொரு சுவரிலும் தூணிலும் நடந்தும், ஓடியும், குதித்தும், வாகனத்தை ஓட்டியும் மோதிப் பார்த்து, உடல் உள்ளே புகுந்துவிடும் இடங்களைக் குறித்துக் கொடுத்தேன். கதையோ சண்டையோ அந்த ஐந்து நாட்களில் எதுவும் இல்லை. முந்தைய பில்டில் திருத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட பிழைகள் உண்மையாகவே திருந்தினவா, அந்தத் திருத்தம் வேறெதையும் கெடுத்துவிட்டதா என்று பார்க்கும் ரிக்ரெஷன் டெஸ்டிங் இதைவிடச் சலிப்பூட்டுவது. அந்தச் சலிப்பில் கவனம் சிதறாதவர்களால் மட்டுமே இங்கே நீடிக்க முடிகிறது.

இருந்தாலும், இது மூளைக்கு வேலை தராத தொழில் என்று எண்ண வேண்டாம். 1980இல் வெளிவந்த பேக்மேன் என்ற கேமில் 256ஆம் நிலையை எட்டியவர்கள் திரையின் வலப்பாதி முழுவதும் சிதைந்த எழுத்துகளாக மாறியதைக் கண்டார்கள். நிலை எண்ணைக் கணக்கில் வைத்திருந்த இடம் 0 முதல் 255 வரையிலான எண்களை மட்டுமே தாங்கக்கூடியது. அது நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பியதால், திரையின் கீழ்ப்பகுதியில் பழங்களை வரையும் நிரல் நிலைதடுமாறி 256 பழங்களை வரைய முயன்றது. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அதன் உச்சத்திலும், உச்சத்துக்கு ஒன்று குறைவாகவும், ஒன்று கூடுதலாகவும் சோதிக்க வேண்டும் என்ற எல்லை மதிப்புச் சோதனைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இன்னும் நுட்பமானது 2005 செப்டம்பரில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய கேமில் நடந்தது. சுல்குரூப் என்ற புதிய பகுதியில் ஹக்கார் என்னும் பெரும் எதிரி, அருகிலிருப்போருக்கும் தொற்றும் ஒரு சாபத்தைப் போர்வீரர்கள் மீது வீசுவான். அந்தத் தொற்று அந்தப் பகுதிக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால், வேட்டைக்காரர்கள் தங்கள் வளர்ப்பு விலங்குகளைச் சண்டையின் நடுவில் மறைத்து, பின்னர் நகரத்துக்குப் போய் மீண்டும் அழைத்தபோது, சாபமும் அந்த விலங்குகளோடு நகரத்துக்குள் வந்தது. கடைக்காரர் போன்ற கணினிப் பாத்திரங்கள் சாகாமலே தொற்றைப் பரப்பின. நகரங்கள் எலும்புக்கூடுகளால் நிறைந்தன. பிற்பாடு தொற்றுநோய் ஆய்வாளர்களே இந்த நிகழ்வை எடுத்து ஆராயும் அளவுக்கு அது பேசப்பட்டது. டெஸ்டரின் கண்ணோடு பார்த்தால், சாபமும் தனியே சரியாக வேலை செய்தது, வளர்ப்பு விலங்கை மறைக்கும் வசதியும் தனியே சரியாக வேலை செய்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் பிழை இருந்தது. அப்படித் தொடும் இடங்களை முன்கூட்டியே ஊகிப்பதுதான் இந்தத் தொழிலின் திறமை. சண்டை நடக்கும்போது வரைபடத்தைத் திறந்தால் என்ன ஆகும், கதை சொல்லும் இடைக்காட்சி (கட்சீன்) தொடங்கும் நொடியில் பாத்திரம் இறந்தால் என்ன ஆகும், பரிசு வரும் தறுவாயில் இணைய இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் மனம் வேண்டும்.

எல்லாவற்றையும் சோதிக்க முடியாது என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சிறிய கார்ப் பந்தய கேமில் 5 வண்டிகள், 8 பாதைகள், 3 வானிலைகள், 4 கிராஃபிக்ஸ் தரங்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 480 சேர்க்கைகள் உண்டாகும். ஒரு பந்தயத்துக்கு ஐந்து நிமிடம் என்றாலும் அது 40 மணி நேர வேலை, மறுநாளே புதிய பில்டு வந்துவிடும். பெரும்பாலான பிழைகள் ஏதேனும் இரண்டு கூறுகள் சேர்வதால் உண்டாகின்றன என்பதால், எந்த இரண்டு கூறுகளை எடுத்தாலும் அவற்றின் எல்லாச் சேர்க்கைகளும் ஒரு முறையாவது இடம்பெறும்படி அட்டவணை அமைத்தால், 480ஐச் சுமார் 40ஆகக் குறைத்துவிடலாம். இதற்குப் பேர்வைஸ் டெஸ்டிங் என்று பெயர். இதை நேர்காணலில் ஒருவர் தாமாகவே எடுத்துச் சொன்னால், அவருடைய பட்டம் எது என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

இனி எழுத்துக்கு வருகிறேன். ஒரு பிழையைக் கண்டுபிடித்ததும் அதை ஜிரா போன்ற மென்பொருளில் அறிக்கையாகப் பதிய வேண்டும். அந்த அறிக்கையைப் படிக்கும் டெவலப்பர், அதாவது கேமை உருவாக்கும் நிரலாளர், வேறு ஊரில், வேறு நாட்டில்கூட இருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்க்காத அவர், உங்கள் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அதே பிழையைத் தம் கணினியில் வரவழைத்தாக வேண்டும். "விளையாடிக்கொண்டிருந்தபோது கேம் நின்றுவிட்டது, உடனே சரிசெய்யவும்" என்று எழுதினால் அது "மீண்டும் உருவாக்க முடியவில்லை" என்ற முத்திரையோடு இரண்டு நாளில் மூடப்பட்டுவிடும்.

அதே பிழையை இப்படி எழுதலாம். தலைப்பு: பந்தயத்தின் இறுதிச் சுற்றில் தொலைபேசி அழைப்பு வந்து துண்டிக்கப்பட்டபின் கேம் உறைந்துவிடுகிறது. அதன் கீழே பில்டு எண், சாதனத்தின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு. அடுத்து படிகள்: எந்தப் பந்தயத்தையும் தொடங்கவும், இறுதிச் சுற்றுக்குள் நுழையவும், வேறொரு தொலைபேசியிலிருந்து இந்தச் சாதனத்தை அழைக்கவும், அழைப்பை ஏற்று, ஐந்து நொடிகளுக்குப் பின் துண்டிக்கவும், கேமுக்குத் திரும்பவும். எதிர்பார்ப்பது: பந்தயம் இடைநிறுத்தப்பட்ட நிலையில், தொடரும் பொத்தானோடு இருக்க வேண்டும். நடப்பது: திரை உறைகிறது, இசை மட்டும் ஒலிக்கிறது. பத்து முறை முயன்றதில் எட்டு முறை வந்தது. முதல் சுற்றில் அழைப்பு வந்தால் இந்தப் பிழை வருவதில்லை. இத்துடன் காணொளிப் பதிவும் சாதனத்தில் நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பும் இணைக்கப்பட்டிருக்கும். முதல் சுற்றைப் பற்றிய வரியைக் கவனியுங்கள். எப்போது பிழை வராது என்று சொல்லும் அந்த ஒரு வரி, தேட வேண்டிய இடத்தை டெவலப்பருக்குப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கிறது. அதை எழுதுவதற்காக டெஸ்டர் கூடுதலாக ஒரு மணி நேரம் செலவழித்திருப்பார். நல்ல டெஸ்டருக்கும் சாதாரண டெஸ்டருக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது.

பிழையின் கடுமையும் அதைத் திருத்தும் அவசரமும் வெவ்வேறு என்பதைப் புதியவர்கள் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். யாரும் போகாத ஒரு மூலையில் பத்து நிமிடம் நின்றால் கேம் மூடிக்கொள்கிறது என்பது கடுமையான பிழை. ஆனால் அதை அடுத்த மாதம் திருத்தினாலும் போதும். தலைப்புத் திரையில் கேமின் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருப்பதால் எதுவும் நின்றுவிடாது; ஆனால் அதை இன்றே திருத்தியாக வேண்டும். கடுமையை டெஸ்டர் மதிப்பிடுவார், எதை எப்போது திருத்துவது என்பதைத் தயாரிப்பாளர் முடிவுசெய்வார். இதனால்தான் வெளிவந்த கேமில் பிழை இருந்தால் டெஸ்டர்கள் பார்க்காமல் விட்டார்கள் என்று உடனே சொல்லிவிட முடியாது. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான சைபர்பங்க் 2077, பழைய கன்சோல்களில் (தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவிகளில்) இருந்த கோளாறுகளால் ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டு, 2021 ஜூனில்தான் திரும்பியது. விளையாடியவர்கள் சந்தித்த சிக்கல்களில் பல தங்கள் சோதனையில் தெரியவில்லை என்று அதை உருவாக்கிய நிறுவனத்தின் இணை நிறுவனர் பின்னர் விளக்கம் தந்தார். ஒரு கேம் தடுமாறும்போது கேள்வி முதலில் டெஸ்டரை நோக்கித்தான் திரும்பும். அந்த நேரத்தில் அவருக்குத் துணையாக இருப்பவை தேதியிட்டு அவர் எழுதிய அறிக்கைகள் மட்டுமே.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று தமிழ்வழியில் படித்த மாணவர்கள் தயங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அறிக்கைகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது உண்மை. ஆனால் அங்கே தேவைப்படுவது அலங்காரமற்ற, ஒரு செயலுக்கு ஒரு வரி என்று அமைந்த எளிய ஆங்கிலம். ஆறு மாதம் நாள்தோறும் ஓர் அறிக்கை எழுதினால் அது கைவந்துவிடும். என்னுடன் வேலை செய்தவர்களில் மிகத் தெளிவாக எழுதியவர், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்.

இந்தத் துறையின் கிளைகளையும் அறிந்திருப்பது நல்லது. பெரும்பாலோர் தொடங்குவது மேலே சொன்ன செயற்பாட்டுச் சோதனையில். கன்சோல் கேம்களுக்குத் தரவிதிச் சோதனை தனியே உண்டு. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ ஆகிய மூன்றும் தத்தமக்கென விதித்தொகுப்பு வைத்திருக்கின்றன. கண்ட்ரோலரின் இணைப்பு நடுவில் அறுந்தால் கேம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது போன்ற விதிகளில் தவறினால் கேம் திருப்பி அனுப்பப்படும். அந்த விதிகளைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு மதிப்பு அதிகம். மொபைலில் எண்ணற்ற போன் மாடல்களில் ஓட்டிப் பார்க்கும் ஒத்தியைவுச் சோதனை முக்கியமானது, இந்தியாவில் இதற்கு நிறைய ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

மொழிச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். மொழிபெயர்ப்பு சரியா என்று பார்ப்பதோடு இது முடிவதில்லை. ஆங்கிலத்தில் நான்கெழுத்துப் பொத்தானாக இருப்பது ஜெர்மனிலும் தமிழிலும் நீண்டு, பெட்டியை மீறி வழியும். அதற்கும் மேலாக, தமிழ் எழுத்துகளைத் திரையில் கோத்துக் காட்டுவதிலேயே சிக்கல் உண்டு. "தேர்" என்ற சொல்லில் கணினியின் நினைவகத்தில் "த" முதலிலும் இரட்டைக்கொம்பு அடுத்ததாகவும் இருக்கும். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத எழுத்துக் கருவியைப் பயன்படுத்தும் கேமில், கொம்பு "த"வுக்குப் பின்னால் போய் "ர்" மீது ஒட்டிக்கொண்டு நிற்கும். "கொ", "போ" போன்றவை இன்னும் மோசமாக உடையும். தமிழ் படிக்கத் தெரியாத ஒரு குழுவுக்கு இது பிழை என்றே தெரியாது. எழுத்துகள் திரையில் தெரிகின்றன, எனவே சரி என்று கடந்துவிடுவார்கள். இதை ஸ்கிரீன்ஷாட்டோடும் எழுத்து எப்படி வர வேண்டும் என்ற விளக்கத்தோடும் அறிக்கையாக எழுதக் கூடியவர் நீங்கள்தான். இந்திய மொழிகளில் கேம்கள் கூடக்கூட இந்த அறிவுக்கு வேலை இருக்கும் என்பது என் கணிப்பு.

கோடிங் தெரிய வேண்டுமா என்ற கேள்விக்கு, நுழைவதற்குக் கட்டாயமில்லை, மேலே போவதற்குத் தேவை என்பதே நேர்மையான பதில். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டு வருகின்றன. கேண்டி கிரஷ் தயாரிக்கும் கிங் நிறுவனம், புதிய நிலைகள் எவ்வளவு கடினமானவை என்பதை மனிதரைப் போல விளையாடும் தானியங்கி நிரல்களைக் கொண்டு கணிக்கும் முறையைப் பற்றி 2018இலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. நீங்கள் கணினி அறிவியல் மாணவர் என்பதால் பைத்தான், சி ஷார்ப் ஆகிய நிரல்மொழிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் ஒரு சிறு கேமை நீங்களே உருவாக்கிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு சாதனத்திலிருந்து ஏடிபி லாக்கேட் என்ற கருவி மூலம் லாக் எடுக்கப் பழகுங்கள். கேம் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தவருக்கு அது எங்கே உடையும் என்பதும் தெரியும். 2021இல் ஜிடிஏ ஆன்லைன் என்ற கேம் திறப்பதற்குப் பல நிமிடங்கள் எடுப்பதைக் கண்டு பொறுமையிழந்த வெளியாள் ஒருவர், ஏறத்தாழ 63,000 பொருட்கள் அடங்கிய 10 எம்பி பட்டியல் ஒன்றைக் கேம் மிகத் திறனற்ற முறையில் படிப்பதே காரணம் என்று அளந்து காட்டினார். காத்திருப்பு சுமார் 70 விழுக்காடு குறையும் என்பதையும் செய்துகாட்டினார். கேமைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்றுத் திருத்தியதோடு அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது. மெதுவாக இருக்கிறது என்று எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அளந்து எழுதியதும் அது திருந்தியது.

இந்தியாவில் வேலை புனே, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய நகரங்களில் குவிந்திருக்கிறது. யூபிசாஃப்ட் 2008 முதல் புனேயில் இயங்குகிறது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஹைதராபாத்திலும், ராக்ஸ்டார் பெங்களூருவிலும் ஸ்டுடியோ வைத்திருக்கின்றன. பிற நிறுவனங்களுக்காகச் சோதனையை மட்டும் செய்துதரும் கீவேர்ட்ஸ், குளோபல்ஸ்டெப் போன்றவை புதியவர்களை அதிகம் எடுப்பவை. சென்னையில் இண்டியம் நிறுவனத்தின் கேம் சோதனைப் பிரிவான ஐக்ஸி கேமிங் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ரம்மி, ஃபேண்டஸி விளையாட்டுச் செயலிகளின் நிறுவனங்கள் முன்பு நிறைய டெஸ்டர்களை வைத்திருந்தன. 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் அத்தகைய விளையாட்டுகளைத் தடைசெய்துவிட்டதால், அந்த வழியை இனிக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

வருமானமும் நிலைத்தன்மையும் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். தொடக்க ஊதியம், அதே பட்டத்தோடு ஐடி நிறுவனத்தில் ஆட்டோமேஷன் டெஸ்டராக (நிரல் எழுதிச் சோதிப்பவராக) சேரும் உங்கள் வகுப்புத் தோழரின் ஊதியத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பல வேலைகள் ஒரு கேம் முடியும்வரையிலான ஒப்பந்த வேலைகள். வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் இரவுப்பணியும் ஞாயிற்றுக்கிழமைப் பணியும் வரும். என் முதல் ஒப்பந்தம் கேம் வெளியான ஒன்பதாம் நாள் முடிந்தது. அதற்கு முந்தைய மூன்று மாதங்கள் வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்திருந்தோம். கேமை உருவாக்கியவர்களின் பெயர்களைக் காட்டும் நன்றிப் பட்டியலில் எங்கள் குழுவில் ஒருவர் பெயர்கூட வரவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. இது நம் நாட்டில் மட்டும் உள்ள நிலை அன்று. அமெரிக்காவில் ரேவன் சாஃப்ட்வேர் என்ற கேம் நிறுவனத்தில் 2021 டிசம்பரில் ஒப்பந்த டெஸ்டர்கள் 12 பேரை விலக்குவதாக அறிவித்தபோது சக ஊழியர்கள் வெளிநடப்புச் செய்தார்கள்; 2022 மே மாதம் அங்குள்ள டெஸ்டர்கள் 19க்கு 3 என்ற வாக்கில் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அதற்குச் சற்று முன்னர்தான் அதன் தாய் நிறுவனமான ஆக்டிவிஷன், ஏறத்தாழ 1,100 தற்காலிக டெஸ்டர்களை நிரந்தரமாக்கி, மணிக்குக் குறைந்தது 20 டாலர் ஊதியம் தருவதாக அறிவித்திருந்தது. வேலையில் சேரும்முன் ஒப்பந்தக் காலம், கூடுதல் நேர ஊதியம், கேமின் நன்றிப் பட்டியலில் பெயர் வருமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இதற்கென்று தனிப் பட்டம் தேவையில்லை. சோதனையாளர்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஐஎஸ்டிக்யூபியின் அடித்தளச் சான்றிதழ் மென்பொருள் சோதனையின் சொற்களையும் முறைகளையும் ஒழுங்காகக் கற்றுத்தரும். 40 கேள்விகளில் 26 சரியாக எழுதினால் தேர்ச்சி. அதே அமைப்பில் கேம் சோதனைக்கான சான்றிதழும் இருக்கிறது. ஆனால் பெருந்தொகை வாங்கிக்கொண்டு "வேலை உறுதி" என்று விளம்பரம் செய்யும் குறுகியகால வகுப்புகளில் சேர்வதற்கு முன் பலமுறை யோசியுங்கள். வீட்டிலிருந்து கேம் விளையாடிப் பணம் ஈட்டலாம் என்று சொல்லிப் பதிவுக்கட்டணம் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். எந்த உண்மையான நிறுவனமும் டெஸ்டரிடம் பணம் வாங்காது.

அந்தப் பணத்தையும் நேரத்தையும் வேறு வகையில் செலவிடலாம். மைன்கிராஃப்டுக்கு மொஜாங் நிறுவனம் பொதுவெளியில் வைத்திருக்கும் பிழைப் பதிவேட்டைத் திறந்து, ஒரு வாரம் வெறுமனே படியுங்கள். எந்த அறிக்கை ஏற்கப்பட்டது, எது முன்பே பதிந்தது என்று மூடப்பட்டது, எது திட்டமிட்ட செயல்பாடு என்று திருப்பப்பட்டது என்பதைப் பாருங்கள். பிறகு சூப்பர்டக்ஸ்கார்ட் போன்ற திறமூல (நிரல் யாவருக்கும் திறந்திருக்கும்) கேம் ஒன்றை எடுத்துக்கொண்டு, புதிதாக ஒரு பிழையைக் கண்டுபிடித்துப் பதிவிடுங்கள். டெவலப்பர் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எதை விட்டுவிட்டோம் என்பது அந்தக் கேள்விகளில் தெரியும். ஒரு கேமின் ஒரு சிறு பகுதிக்கு, உதாரணமாகச் சேமிக்கும் வசதிக்கு மட்டும், முப்பது சோதனைகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள். நேர்காணலில் பெரும்பாலும் கேட்கப்படுவதும் இதுதான்: ஒரு மின்தூக்கியையோ கதவையோ ஒரு துப்பாக்கியையோ கொடுத்து, இதை எப்படிச் சோதிப்பீர்கள் என்பார்கள். வேலையில் சேர்ந்தபின் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வெளிவராத கேமைப் பற்றி நண்பர்களிடம்கூட வாய் திறக்கக் கூடாது. ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் வேலையையும் துறையையும் இழந்தவர்கள் உண்டு.

இந்த வேலையிலிருந்து மேலே செல்லும் பாதைகள் பல. சீனியர் டெஸ்டர், லீட், மேலாளர் என்பது ஒன்று. ஆட்டோமேஷன் வழியாக நிரலாளர் ஆவது இன்னொன்று. தயாரிப்புக்கும் வடிவமைப்புக்கும் மாறுவது மற்றொன்று. அப்சிடியன் என்ற கேம் நிறுவனத்தை 2003இல் உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபெர்கஸ் அர்க்ஹார்ட், இண்டர்ப்ளே நிறுவனத்தில் டெஸ்டராகத் தொடங்கியவர். 2005இல் வந்த காட் ஆஃப் வாரின் இயக்குநர் டேவிட் ஜாஃபும் டெஸ்டராக இருந்தவர்தான். அவர்களுக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்கும் என்று சொல்ல மாட்டேன். டெஸ்டராகவே இருந்து ஓய்வுபெற விரும்பும் சிறந்த டெஸ்டர்களும் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன்.

உங்களுக்கு இறுதியாண்டு முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கும். அதற்குள் பொதுவெளியில் பதிந்து டெவலப்பர் ஏற்றுக்கொண்ட மூன்று அறிக்கைகளும் அந்த முப்பது சோதனைகள் கொண்ட அட்டவணையும் கையில் இருந்தால், விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அவற்றின் இணைப்பைக் கொடுங்கள். மதிப்பெண் பட்டியல் இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும்.